எல்லை தாண்டிய அடைப்பு

மனிதன் இரண்டு காலில் நிமிர்ந்து நின்றதற்குப் பிறகு, அந்தக் கால்களுக்குக் கிடைத்த மாபெரும் முன்னேற்றம், அந்த மருத்துவமனை அவற்றைப் பிரித்து நிர்வகித்ததுதான். முழங்காலுக்கு மேலே ரத்தக்குழாய் அடைத்தால் மாடியில் ‘மேற்கால் பிரிவு’. கீழே அடைத்தால் தரைத்தளத்தில் ‘கீழ்க்கால் பிரிவு’. இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை யாரும் செய்துவிட முடியாது.

இந்தத் தெளிவு புரியாத கால் ஒன்று வந்து சேர்ந்தது. அது ஒரு பேருந்து நடத்துநருடையது. முன்படியிலிருந்து பின்படிக்குப் போவதற்குள் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கும். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, பயணிகளை எண்ணுவதுபோல் பாவனை செய்வார். நிற்கிற வேலை, கால் போனால் வேலையும் போகும். ஸ்கேன் எடுத்தார்கள். அடைப்பு தொடையில் தொடங்கி, முழங்காலைத் தாண்டி, கீழே போய் முடிந்திருந்தது. சட்டதிட்டம் தெரியாத அடைப்பு!

மேற்கால் தலைவர் படத்தை ரசித்துப் பார்த்தார். “அருமையான அடைப்பு. ஆனா முடியிற இடம் கீழ இருக்கே. கீழ போங்க.”

கீழ்க்கால் தலைவரும் தாராள மனசுக்காரர். “ஆரம்பிச்சது மேலதானே? அவங்கதான் பாக்கணும். மேல போங்க.”

“லிஃப்ட் ஓடலையே சார்,” என்றார் நடத்துநர்.

“நடங்க. காலுக்கு நல்லது.”

அவர்களைக் குறை சொல்லக் கூடாது. இருவரும் ஆய்வுகளைக் கரைத்துக் குடித்தவர்கள். மேலே அடைத்தால் உயிருக்கு ஆபத்து அதிகம். கீழே அடைத்தால் காலுக்கு ஆபத்து அதிகம். நோயாளிக்கு அது எச்சரிக்கை. ‘வெற்றி விகிதம்’ காக்கும் தலைவர்களுக்கோ, யாரைத் தள்ளிவிடலாம் என்பதற்கான வழிகாட்டி.

கால் கட்டைவிரல் கறுத்தது.

“யாராவது ஒருத்தர் பாருங்க சார், புண்ணியமாப் போகும்,” என்று அவர் மனைவி இரண்டு தளத்திலும் அழுதாள்.

உடனே, அதாவது அடுத்த மாதக் கூட்டத்தில், விஷயம் எடுத்துக்கொள்ளப்பட்டது. முழங்கால் சில்லு எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்று காரசாரமான விவாதம். தேநீர் இடைவேளைக்குப் பிறகும் தொடர்ந்தது. தீர்மானம் நிறைவேறுவதற்குள் பாதம் முழுக்கக் கறுத்துவிட்டது. அவசரச் சிகிச்சைப் பிரிவினர், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், உயிரைக் காப்பாற்றக் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

ஆண்டு விழாவில் இரண்டு பிரிவுகளுக்கும் கேடயம்.

“எங்க எல்லைக்குள்ள ஒரு வெட்டுகூட விழல. வெட்டினது முழங்காலுக்கு மேல,” என்றார் கீழ்க்கால் தலைவர்.

“எங்க நோயாளி உயிரோட இருக்கார். நாங்க யாரும் கத்தியே எடுக்கல,” என்றார் மேற்கால் தலைவர்.

சாதனைக்குச் சாட்சியாக நடத்துநரைச் சக்கர நாற்காலியில் மேடையேற்றி, “ரெண்டு வார்த்தை பாராட்டிப் பேசுங்க” என்று மைக்கை நீட்டினார்கள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ரெண்டு பேருமே ஜெயிச்சிட்டீங்க. ரொம்பச் சந்தோஷம். அப்ப என் காலு யார்கிட்ட சார் தோத்துச்சு?”