மேல்வீட்டுத் திறப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவரை பிறந்தவர்களில், மரியாதைக்குச் சொன்ன வார்த்தையை மெய்யென்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஊர் ஓமண்ணைதான். இனி அப்படியொருவர் பிறக்கவும் மாட்டார். பிறந்தாலும் பெற்றோரே திருத்திவிடுவார்கள்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வந்தால், "இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்போம். வந்தவர் முதல்நாளிலிருந்து பட்டினி கிடந்தாலும், "இப்பத்தான் சாப்பிட்டிட்டு வாறன்" என்பார். இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. ஓமண்ணையிடம் சொன்னால் "ஓம்" என்பார். சொல்லி முடிப்பதற்குள் கை கழுவக் கிணற்றடிக்குப் போய்விடுவார். அதனால் வந்த பெயர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. வருடாவருடம் என் பின்வளவு வேலியை அடைத்தவர் அவர்தான், இருந்தும் பெயரை நான் கேட்டதில்லை. ஐம்பது வயது தாண்டிய மனிதரை 'அவன்' என்றே சொல்லிப் பழகியவன் நான். இதிலாவது 'அவர்' என்று எழுதுகிறேன்.

ஊர்க் கடைக்காரர் மகளின் கல்யாணத்துக்குச் சொல்லப் போனபோது, எல்லாரிடமும் சொல்வதுபோல ஓமண்ணையிடமும், "நீதான் நிண்டு நடத்தித் தரவேணும், எல்லாம் உன்ரை பொறுப்பு" என்றிருக்கிறார். ஓமண்ணை பாயும் தலையணையுமாக முன்கூட்டியே போய் இறங்கிவிட்டார். பலகாரம் வைத்த அறையைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். மேளகாரரை, "மெல்லமா அடியுங்கோ, ஐயருக்கு மந்திரம் கேக்கேல்லை" என்று அதட்டினார். மாப்பிள்ளையின் தகப்பன் பொறுக்க முடியாமல், "நீர் ஆர் காணும்?" என்று கேட்டார்.

"பொறுப்பு" என்றார் ஓமண்ணை.

லண்டனிலிருந்து வந்த ஒருவர், வேலியடைத்த கூலியைக் கொடுத்துவிட்டு, "ஒருக்கால் அங்காலைப் பக்கமும் வாவன்" என்று சொல்லிவிட்டார். அவர் புறப்படுகிற அன்று, விமான நிலையத்துக்குப் போகிற வானின் பின்சீற்றில் ஓமண்ணை பையோடு ஏறி இருந்தார். பைக்குள் மாற்றி உடுக்க ஒரு சாரமும் வேலி கட்டுகிற கம்பிக் கட்டும். அங்கேயும் வேலி இருக்கும்தானே என்றாராம். அவரை இறக்குவதற்கு, வானில் இடமில்லை என்று ஒரு பொய் சொல்லவேண்டி வந்தது. அதையும் நம்பி, "அப்ப அடுத்த முறை" என்று இறங்கினார்.

இந்தக் கதைகளை நான் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். படிப்பித்து ஓய்வுபெற்றவன், கதை சொல்ல வரும். இனிச் சொல்லப்போவதை இதுவரை எங்கும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் தென்மராட்சியில், கடல்நீரேரியின் ஓரத்தில் இருக்கிறது. வெளியே போக ஒரே ஒரு தெரு. சென்ற கார்த்திகையில் அடித்த புயலில் அந்தத் தெருவின் மதகு உடைந்து, ஊர் தனித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தின் கூரை பறந்தது. கோயில் மண்டபத்தில் இடுப்பளவு தண்ணீர். நீரேரிப் பக்கத்துக் குடிசைகள் இருந்த இடமே தெரியவில்லை. ஊரில் மாடியுள்ள வீடு ஒன்றுதான், அது என்னுடையது. கனடாவிலிருக்கும் மகன் கட்டியது. புதுவீடு குடிபூரலன்று, "இது என்ரை வீடில்லை, இந்த ஊரின்ரை வீடு" என்று நான் மைக்கில் பேசியிருந்தேன். கைதட்டினார்கள்.

புயலடித்த இரவு நானும் மனைவியும் மேலேதான் படுத்தோம். விடிந்ததும் மேல்வீட்டைப் பூட்டிவிட்டு வந்து, கீழே கணுக்காலளவு நின்ற தண்ணீரை வழித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். வாசலில் சத்தம் கேட்டது. ஓமண்ணை ஒரு பெரிய பிளாஸ்ரிக் பேசினைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார். பேசினுக்குள், நீரேரிப் பக்கத்துக் குடிசையிலிருந்த சுகந்தியின் பச்சைக் குழந்தை. பின்னால் சுகந்தி, மதிலைப் பிடித்துப் பிடித்து. அவளுக்குப் பின்னால் குடிசைக்காரர் அத்தனைபேரும்.

"மாஸ்டர், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்திட்டன்" என்றார், நான் அனுப்பி அவர் போய் வந்ததுபோல.

மேலே புது மாபிள். மெத்தைகளின் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. அதையெல்லாம் நினைத்தேன். இன்னொரு காரணமும் இருந்தது. வந்தவர்கள், என் தகப்பன் காலத்திலும் என் காலத்திலும் எங்கள் வீட்டுப் படியேறாத ஆட்கள். அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கவென்று எங்கள் வீட்டில் வேறு கோப்பை இருந்தது. இவ்வளவுதான் எழுத முடிகிறது. இதையே எழுதக் கை கூசுகிறது.

"மேலுக்குத் திறப்பு இல்லையடாப்பா. மகன் கனடாவுக்குக் கொண்டுபோட்டான்" என்றேன். திறப்பு என் சாரத்து மடிக்குள் இருந்தது.

மனைவி உள்ளே திரும்பிப் போனாள். சுகந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். அங்கு நின்ற எல்லாருக்கும் விளங்கியது. விளங்காதவர் ஒருவர்தான்.

"ஐயோ பாவம், அப்ப ராமுழுக்க இந்தத் தண்ணிக்குள்ளையோ கிடந்தனீங்கள்?" என்று அவர் எனக்காக வருந்தினார். பிறகு பேசினைத் திருப்பினார். அவர்கள் கோயிலுக்குப் போய், சாமியைத் தேரில் ஏற்றுவதற்காகக் கட்டிய உயரமான தேர்முட்டியில் ஏறி, மழைக்கு ஒரு தறப்பாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

நானும் மேலே போக முடியவில்லை. சொன்ன பொய்க்குக் காவலாக, மனைவியும் நானும் சாப்பாட்டு மேசைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். அவள் என்னோடு கதைக்கவில்லை.

மத்தியானம் மழை மறுபடி பிடித்தபோது ஓமண்ணை தனியே வந்தார். கழுத்தில் மாலைபோல ஒரு கயிறு. கயிறு நிறையத் திறப்புகள்.

"ஊரிலை உள்ள திறப்பெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தனான், மாஸ்டர். உங்களுக்கெண்டு கேக்க எல்லாரும் தந்தவை. ஒண்டெண்டாலும் பொருந்தும்."

வெளிப்படியில் ஏறி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அலுமாரித் திறப்பு, பள்ளிக்கூடத் திறப்பு, கோயில் களஞ்சியத் திறப்பு. நான் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உது சைக்கிள் திறப்படா."

"போட்டுப் பாப்பம். இரும்புக்கென்ன தெரியும்?"

"காணும், விடு. நனையாதை."

"இந்த வயசிலை நீங்கள் ஈரத்திலை கிடக்கேலாது. சுகந்தியும் சொன்னவள்."

"சுகந்தியோ?"

"ஓம், அவளும் திறப்புத் தந்தவள். வீடு அள்ளுப்பட்டுப் போட்டுது, திறப்பு மட்டும் இடுப்பிலை கிடந்ததாம்."

அவர் கைகள் குளிரில் வெடவெடத்துத் திறப்பு துவாரத்தில் நிற்கவில்லை. "கொண்டா, நானும் ஒருக்கால் பாக்கிறன்" என்று கயிற்றை வாங்கினேன். முதுகால் மறைத்துக்கொண்டு, மடியிலிருந்ததை எடுத்துத் திறந்தேன்.

"திறந்திட்டுது. எது மாஸ்டர்?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கையில் அகப்பட்ட ஒன்றைக் காட்டினேன். "அட, சுகந்தியின்ரை" என்றார் ஓமண்ணை. படியில் இரண்டு தரம் சறுக்கிக்கொண்டு ஓடினார்.

அவர்கள் வந்தார்கள். சுகந்தி குழந்தையோடு மேல்படியில் என்னிடம் வந்தபோது, தணிந்த குரலில், "என்ரை திறப்போ மாஸ்டர்?" என்று கேட்டாள். அது ஆமைப்பூட்டுத் திறப்பு, சின்னிவிரல் நீளம்கூட இல்லை. எந்தக் கதவையும் திறக்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். அவள் உள்ளே போனாள். மனைவி மெத்தையின் உறையைக் கிழித்து எறிந்துவிட்டுக் குழந்தையை வாங்கிப் படுத்தினாள்.

தண்ணீர் வற்றும்வரை எல்லாரும் மேலேயே இருந்தார்கள். மாபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மதகு கட்டி பஸ் ஓடத் தொடங்கியபிறகு, வேலி அடைக்க வந்த ஓமண்ணையைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்டைக்குத் திறப்பு என்னட்டைத்தான் இருந்தது. உங்களை ஏத்த விருப்பமில்லாமல் பொய் சொன்னனான்."

அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தார். "நீங்கள் அப்பிடிச் செய்யிற ஆளில்லை. ஈரத்திலை கிடந்தது மண்டைக்கு ஏறிட்டுது போலை." பிறகு உள்ளே எட்டி, "அக்கா, மாஸ்டருக்குக் கொஞ்சம் கொத்தமல்லி அவிச்சுக் குடுங்கோ" என்றார். மனைவி அடுப்படியிலிருந்து வாயைப் பொத்திச் சிரிப்பது கேட்டது. அன்றிலிருந்துதான் அவள் என்னோடு ஒழுங்காகக் கதைக்கிறாள்.

பின்னேரம் வேலை முடிந்து போகும்போது, ஓமண்ணை திரும்ப வந்து என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. என்றாலும் கையை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.