ஒரு நிமிஷம் பட்டுக்கோண்டி

சந்திரசேகரன் கையில் ஒரு மஞ்சள் கொடி இருந்தது. அது அவனுடையது அல்ல. கொடுத்த ஆளைக் காணவில்லை.

பத்து நிமிடம் முன்பு கண்டிப்பேட்டை ஏரிக்கரையில் முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். விசில் ஊதியதும் எல்லோரும் ஓடிப்போனார்கள். அந்த நேரம் சந்திரசேகரன் கழிப்பறைக்குள் இருந்தான். வெளியே வந்தபோது கரையில் மிச்சம் இருந்தது இரண்டு நாய்களும் ஒரு மீசைக்காரரும்தான். மீசைக்காரர் ஒரு கையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த கொடியை இவனிடம் திணித்தார்.

"அன்னா, ஒக்க நிமிஷம் பட்டுக்கோண்டி!"

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு அது 'பட்டுத் தொலை' என்று கேட்டது.

கொடியில் தெலுங்கில் இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருந்தன. சந்திரசேகரன் ஒன்பது வருடமாக ஹைதராபாத்தில் இருக்கிறான். அதில் எட்டு வருடம் இரவுப் பணி. ஊர் தூங்கும்போது அமெரிக்காக்காரனிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான். ஊர் விழித்தபோது இவன் தூங்கினான். ஓர் ஊரின் மொழியைக் கற்க வேண்டுமானால், ஊர் விழித்திருக்கும்போது நாமும் விழித்திருக்க வேண்டும். அவனுக்கு வாய்த்தது இரண்டே சொல். 'அவுனு' என்றால் ஆமாம். 'வத்து' என்றால் வேண்டாம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

ஆனால் கொடியோடு ஓடுகிறவர்களை முந்தைய ஓட்டங்களில் பார்த்திருக்கிறான். பேசர் என்பார்கள். இரண்டரை மணி நேரத்தில் முடிக்க விரும்புகிறவர், இரண்டரை என்று எழுதிய கொடியின் பின்னால் ஓடினால் போதும். இதுவும் அப்படித்தான், நேரத்தை எண்ணில் எழுதாமல் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று தீர்மானித்தான்.

"சார்! ஓ சார்!" என்று கதவைத் தட்டினான்.

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அது ஒரு நிமிடத்தில் முடிகிற முனகலாகத் தெரியவில்லை.

இருபத்தொரு கிலோமீட்டர். ஏரியைச் சுற்றி ஓடிக் கோயில் மைதானத்தில் முடிக்க வேண்டும். மற்றவர்கள் போய்ப் பத்து நிமிடம் ஆகிவிட்டது. இனியும் நின்றால் இன்றைக்கும் அவன்தான் கடைசி.

கடைசியாக வருவதைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. தண்ணீர் தீர்ந்திருக்கும். வாழைப்பழத் தோல் மட்டும் கிடக்கும். கைதட்டுகிறவர்கள் தட்டி முடித்து டீ குடிக்கப் போயிருப்பார்கள். யாராவது ஒருவர் மட்டும் நின்று, "வாங்க வாங்க, இன்னும் கொஞ்சந்தான்" என்பார். அந்த ஒருவரைத்தான் தாங்க முடியாது.

அவன் குடியிருக்கும் கொண்டாப்பூரில் சேர்ந்து ஓடுகிறவர்கள் நான்கு பேர். பழைய ஆபீஸ் நண்பன் பாலா. பாலாவின் டீமில் இருக்கும் ஆம்பூர்ப் பெண் நஸ்ரின். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, அங்கேயே ரயில்வேயில் வேலை பார்க்கும் ஆக்னஸ் அக்கா. நான்காவது இவன். நான்கு ஓட்டத்தில் நான்கிலும் இவன்தான் கடைசி. ஒவ்வொரு முறையும் பாலா குரூப்பில் ஒரே வரி போடுவான்: 'தேர் நிலைக்கு வந்தது.'

மார்ச் மாதம் வேலையை விட்டான். விட்டான் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு நாள் இரவு ஷிப்டின் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போனவன் திரும்பிப் போகவில்லை. எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். நாளை திங்கட்கிழமை, ஒரு இண்டர்வியூ. பகல் வேலை. போவதா வேண்டாமா என்று பத்து நாளாக முடிவு செய்யாமல் இருந்துவிட்டு, நேற்று மனைவி கனகவல்லியிடம் சொன்னான்:

"நாளைக்கு ஓட்டத்துல கடைசியா வராம இருந்தா இண்டர்வியூவுக்குப் போறேன்."

"வந்தா?"

"போகல."

கனகவல்லி பருப்பைக் களைந்துகொண்டே சொன்னாள், "இதுக்குப் பேசாம சீட்டுக் குலுக்கிப் போட்டிருக்கலாம். பாதிக்குப் பாதியாவது சான்ஸ் இருக்கும்."

அதனால்தான் கொடியை நாய்களிடம் விட்டுவிட்டுப் போகலாமா என்றுகூட யோசித்தான். மனசு வரவில்லை. வழியில் யாராவது பொறுப்பான ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று கொடியோடு ஓடத் தொடங்கினான்.

மூன்றாவது கிலோமீட்டரில் தண்ணீர்ப் பந்தல். கிராமத்துப் பெண்கள் நான்கு பேர் இருந்தார்கள். கொடியை நீட்டினான்.

"மேடம், இத வச்சுக்கறீங்களா?"

பெரியவள் கொடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். தெலுங்கில் ஏதோ கேட்டாள். கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

"அவுனு" என்றான்.

அவ்வளவுதான். ஒருத்தி அவன் கையில் ஒரு பாட்டிலைத் திணித்தாள். மற்ற மூவரும் மேஜையை மடக்கத் தொடங்கினார்கள். கொடியை யாரும் வாங்கவில்லை. பின்னால் பைக்கில் இரண்டு பேர், சாலையில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தார்கள். சுறுசுறுப்பான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டான்.

ஐந்தாவது கிலோமீட்டரில் முதல் ஆள் கண்ணில் பட்டார். பருத்த உடம்பு. முதுகில் லக்ஷ்மிநாராயணன் என்று பெயர். சந்திரசேகரனின் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பிய அவர், கொடியைப் பார்த்ததும் எமனைக் கண்டவர்போல ஓட்டம் பிடித்தார்.

"நோ நோ, ப்ளீஸ் சார்! டூ மினிட்ஸ்!"

"யூ கேன் டூ இட் சார்!" என்று இவன் உற்சாகப்படுத்தினான்.

"ப்ளீஸ் டோன்ட் பாஸ் மீ! மை டாட்டர் இஸ் வெயிட்டிங்!"

பேசரிடம் தோற்பது இவ்வளவு பெரிய அவமானமா? சந்திரசேகரனுக்குப் பாவமாக இருந்தது. பக்கத்திலேயே ஓடினால் மனுஷன் மூச்சு முட்டிச் செத்துவிடுவார். சட்டென்று தாண்டிப் போய்விடுவதுதான் கருணை. தாண்டினான். லக்ஷ்மிநாராயணன் அப்படியே சாலையோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

கருணை அதோடு நிற்கவில்லை. அடுத்து மூன்று பெண்கள். பிறகு ஒரு கம்பெனியின் பச்சைச் சட்டைக்காரர்கள் பதினொரு பேர். எல்லோரும் கொடியைப் பார்த்து அலறினார்கள், கெஞ்சினார்கள், ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஒவ்வொரு கூட்டத்தையும் சீக்கிரம் கஷ்டத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்று இவன் வேகத்தைக் கூட்டினான். தாண்டியதும் அவர்கள் ஓடுவதையே நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தபோது ஒரு பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தது. களைத்தவர்களுக்கு பஸ் வசதி. நல்ல ஏற்பாடு.

பைக்கில் வந்தவர் அவன் பக்கத்தில் வந்து கத்தினார், "அன்னா, மெல்லகா! மெல்லகா!"

மெல்ல என்பது தெலுங்கிலும் மெல்லதான். பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒருவர் அவனை மெதுவாகப் போகச் சொல்கிறார். அது அவனுக்குப் பிடித்திருந்தது. இன்னும் வேகமாக ஓடினான்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் கிராமத்துப் பறைக்குழு ஒன்று ஓடுகிறவர்களுக்காக அடித்துக்கொண்டிருந்தது. காது கிழிந்தது. அங்கேதான் அவர்கள் மூவரும். பாலா கெண்டைக்காலைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டிருந்தான், நஸ்ரின் கூடவே நடந்தாள். ஆக்னஸ் அக்கா சற்றுத் தள்ளித் தண்ணீர்ப் பந்தலில் நின்றாள்.

"டேய் சேகர்! என்னடா இது, கட்சிக்கொடி?" என்று பாலா கத்தினான்.

"பேசர்டா! என்னைத்தான் போட்டிருக்காங்க!"

"உன்னையா? எதுக்கு, நத்தைக்கா?"

"அண்ணா, கொஞ்சம் நில்லுங்க. எல்லாரும் சேர்ந்தே போலாம். இவருக்குக் கால் பிடிச்சிருச்சு" என்றாள் நஸ்ரின்.

நின்றிருப்பான். அவன் கெட்டவன் அல்ல. கொடியை பாலாவிடம் நீட்டி, "அப்போ கொஞ்ச தூரம் நீ பிடி" என்றுகூடச் சொன்னான்.

"தேர்க்கொடி தேர்லதான்டா இருக்கணும்" என்றான் பாலா.

அந்த வாக்கியம் இல்லாவிட்டால் அன்றைய கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். சந்திரசேகரன் கொடியைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்பினான். அப்போதுதான் ஆக்னஸ் அக்கா கொடியைப் பார்த்தாள். அந்த மூவரில் தெலுங்கு படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தண்ணீர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அரே சேகர்! ருக்கோ! முன்னால போகாத, நக்கோ! அந்தக் கொடில..."

மீதியைப் பறை தின்றது.

"கைக்கு, எதுக்கு ஓடுற? அரே பாவி, நில்லு!"

இது மட்டும் தெளிவாகக் கேட்டது. பொறாமை என்று நினைத்தான். ஆக்னஸ் அக்காவிடம் அவன் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் தோற்கிற மனிதன் எப்படிப் பேசுவான் என்பது அவனுக்குத் தெரியும். அந்தப் பக்கம் அவன் நிறையக் காலம் இருந்திருக்கிறான்.

கடைசி ஐந்து கிலோமீட்டர் ஏரியின் ஓரமாகவே போயிற்று. வெயில் தண்ணீரில் விழுந்து கிடந்தது. பெரிய பாறைகள் ஒன்றின் மேல் ஒன்று, விழுவதா வேண்டாமா என்று கோடி வருடமாக முடிவு செய்யாமல் உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பார்த்தபோது அவனுக்குத் தன் எட்டு மாதம் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. கால் வலித்தது. நெஞ்சு எரிந்தது. ஆனாலும் நிற்கத் தோன்றவில்லை. அது அவனுக்கே ஆச்சரியம். எழுந்து போய்விடுவதுதான் அவனுக்கு எப்போதும் சுலபமாக வரும். படிப்பு, இரண்டு கம்பெனி, ஒரு கார் ஓட்டும் பள்ளி எல்லாவற்றிலிருந்தும் எழுந்து போனவன்.

ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் ஓர் ஆள் இல்லை. சாலையில் லாரிகளும் எருமைகளும் வரத் தொடங்கியிருந்தன. அத்தனை பேரையும் இவ்வளவு தூரம் பின்னால் விட்டுவிட்டோமா! வியர்வையைத் துடைப்பதுபோலக் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

கோயில் மைதானத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் இரண்டு மணி முப்பத்தெட்டு நிமிடம் காட்டியது. வழக்கமாக மூன்றே காலுக்குக் குறைந்து அவன் வந்ததில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மைக்கில் யாரோ உற்சாகமாக எதையோ அறிவித்தார். நான்கு பேர் உடனே ஏறி வளைவில் கட்டியிருந்த பேனரை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

புல்லில் உட்கார்ந்து கனகவல்லிக்குப் போன் செய்தான்.

"கனகா, முடிச்சுட்டேன்."

"சரி, உக்காந்து தண்ணி குடிங்க. பரவாயில்ல விடுங்க, கடைசியா வந்தா என்ன இப்போ? ஆஸ்பத்திரிக்குப் போகாம வந்தீங்களே."

"கடைசி இல்லடி. எங்க நாலு பேர்ல நான்தான் முதல்ல. நூறு பேரையாவது தாண்டியிருப்பேன்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"நெஜமாவா?"

"நெஜமா."

"அப்போ பாலா எல்லாம்?"

"இன்னும் வரவே இல்ல. கனகா, அந்த நீலச் சட்டைய அயர்ன் பண்ணக் குடுத்துரு. நாளைக்குப் போறேன்."

"குடுக்கிறேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நானே அயர்ன் பண்றேன்."

போனை வைத்தபோது மூன்று பஸ்கள் வரிசையாக மைதானத்துக்குள் வந்தன. முதல் பஸ்ஸிலிருந்து லக்ஷ்மிநாராயணன் இறங்கினார். பின்னால் பச்சைச் சட்டைக்காரர்கள். இரண்டாவது பஸ்ஸிலிருந்து நஸ்ரின் தோளைப் பிடித்தபடி பாலா. அவனுக்குப் பின்னால் ஆக்னஸ் அக்கா, செருப்பைத் தேடுகிற முகத்தோடு.

இத்தனை பேரா பாதியில் விட்டுவிட்டார்கள்? மனிதர்களுக்கு மன உறுதி என்பதே இல்லாமல் போய்விட்டது என்று சந்திரசேகரன் உண்மையாகவே வருந்தினான். எல்லோரும் அவனை நோக்கித்தான் வந்தார்கள். பாராட்ட வருகிறார்கள் என்று எழுந்து நின்றான்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் மெடல் மேஜையில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் எழுந்து வந்தார். கழுத்தில் சிலாஸ் என்று அடையாள அட்டை.

"அரே, தமிழா சார் நீங்க? போன்ல பேசினது கேட்டுச்சு. நான் செகந்திராபாத் தமிழன்தான்" என்று சொல்லி மெடலை அவன் கழுத்தில் மாட்டினார். கொடியைக் கையிலிருந்து வாங்கிப் பக்குவமாகச் சுருட்டினார். பிறகு மனமாரக் கை குலுக்கினார்.

"'கடைசி ஆள்'னு எழுதின இந்தக் கொடி தாண்டிருச்சுன்னா, அதுக்குப் பின்னால வர்றவங்கள எல்லாம் பஸ்ல ஏத்திரணும்கிறது ரூல் சார், ஆனா பதினோரு வருஷமா இந்த மேஜைல உக்காந்திருக்கேன், கடைசி ஆளு இவ்ளோ சீக்கிரம் வந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்!"