முயல் போட்ட மூன்றாவது கட்டம்

ஒரு காட்டில் இப்படி நடந்ததாகச் சொன்னது ஒரு முயல். கதைசொல்லி பல வருடங்களாக இதை நம்பவில்லை. இன்னமும் முழுதாக நம்பிவிடவில்லை.

முயலின் பெயர் குழந்தைசாமி. அரண்மனையில் புள்ளிவிவர எழுத்தர் வேலை. ஒருநாள் ராஜா சிங்கத்துக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. தானம் கொடுக்கச் சிங்கம் எதுவும் முன்வரவில்லை. "முயலோடதை வெச்சா என்ன?" என்றது மந்திரி நரி. அரண்மனையில் இருந்ததோ ஒரே முயல்.

"எதுக்கும் உறுப்பு மாற்று மையங்களை எல்லாம் கேட்டுடலாம் ஐயா," என்றது குழந்தைசாமி அவசரமாக. டாக்டர்கள் தன்னைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று அதற்கு ஒரு நம்பிக்கை. கேள்வித்தாளைத் தானே தயாரித்தது. 'சிங்கத்துக்கு முயலின் சிறுநீரகம் வைக்கலாமா?' கீழே மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, பொருந்தாது.

பதில்கள் வந்தன. மான் டாக்டர், கரடி டாக்டர், ஆந்தை டாக்டர் எல்லாம் 'பொருந்தாது' என்று டிக் அடித்திருந்தன. கரடி அழுத்திய அழுத்தில் தாளே கிழிந்திருந்தது. குழந்தைசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நரி தாள்களைப் புரட்டியது. "இவங்க யாரும் பதிலே சொல்லலையேப்பா."

"சொல்லியிருக்காங்க ஐயா. சிறுநீரகம் பொருந்தாதுன்னு."

"கருத்துக்கணிப்புல பொருந்தாதுன்னா, கேள்வி அவங்களுக்குப் பொருந்தாதுன்னு அர்த்தம். அந்தத் தாளைக் கணக்குல சேர்க்கக் கூடாது. இந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான் ஐயா."

கழித்தார்கள். மிஞ்சியது முதலை டாக்டரின் தாள் மட்டும். இதுவரை ஒரு நோயாளியும் எட்டிப்பார்க்காத மையம் அது. 'ஆம்' என்று ஆசையாக டிக் அடித்திருந்தது.

"நூத்துக்கு நூறு," என்றது நரி. "உன் சர்வீஸ்ல இப்படி ஒரு முடிவு பார்த்திருக்கியா?"

குழந்தைசாமி பார்த்ததில்லை. பயத்தோடு கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டது.

முதலை கண்ணீர் விட்டபடியே இரண்டு பேருக்கும் அறுவை சிகிச்சை செய்தது. இந்த இடத்தில் சிங்கம் செத்திருக்க வேண்டும்; கதை என்றால் அதுதான் முறை. சாகவில்லை. சருகு விழுந்தால் சிம்மாசனத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, சாப்பாட்டுக்குக் கேரட் கேட்டது, மற்றபடி சௌக்கியம். மான்கள் ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தன. முயலுக்குப் பதவி உயர்வு.

கதைசொல்லி போன வாரம்தான் முயலிடம் கேட்டார்: "எல்லா மையத்தையும் கேட்டாங்க, சரி. கொடுக்க உங்களுக்குச் சம்மதமான்னு யாராவது கேட்டாங்களா?"

நீதி: பொருந்தாது.