ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரச் சொன்ன விருந்து

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.
14.11.2007

அன்புள்ள மச்சான் நாகராஜுக்கு,

உன் அக்கா புருஷன் காசிலிங்கம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா தனமும் நலம். அடிப்பிடித்த ஒரு குண்டானைத் தவிர வீட்டிலுள்ள மற்ற பாத்திரங்களும் நலம். பிரான்சில் நீயும் உன் பெண்டாட்டி பிள்ளைகளும் சளி பிடிக்காமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். தீபாவளி விருந்து நடந்த கதையைப் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிடுவேன். கடிதம் என்றால் குறுக்கே பேச உன்னால் முடியாது.

ஆபரேஷன் முடிந்து உன் அக்கா வீட்டுக்கு வந்த அன்று நீ போனில் என்னை ஒன்று கேட்டாய். "மாமா, எங்கக்கா என்னைக்காச்சும் வந்தவங்களோட ஒக்காந்து சாப்ட்டு நீங்க பாத்திருக்கீங்களா?" நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம். தீபாவளி என்றால் நம் வீட்டில் இருபது பேருக்குக் குறையாமல் சாப்பிடுவார்கள், அவள் பரிமாறிக்கொண்டே இருப்பாள், எல்லாரும் கை கழுவி நானும் வெற்றிலை போட்டுச் சாய்ந்த பிறகு அடுப்படியில் ஏதோ தட்டுச் சத்தம் கேட்கும். அது அவள் சாப்பிடுகிற சத்தம் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. உன் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. டாக்டர் வேறு மூன்று மாதத்துக்குக் குனியக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது என்றிருக்கிறார். இந்த வருஷ விருந்தில் அவளை எல்லாரோடும் உட்கார வைத்தே தீருவேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். அதற்கு நீ ஒரு வழியும் சொன்னாய். "ஆளுக்கொரு பண்டம் கொண்டாரச் சொல்லுங்க மாமா. மேசையில வச்சிட்டா அவங்கவங்க எடுத்துப் போட்டுக்குவாங்க. இங்கெல்லாம் அப்படித்தான், ஹாயா இருக்கும்." உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க ஆபீசில் சுற்றறிக்கை எழுதிய கை சும்மா இருக்குமா? "விருந்துக்கு வருவோர் தத்தம் விருப்பப்படி ஏதேனும் ஒரு பண்டம் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். எவரும் எவரையும் உபசரிக்கத் தேவையில்லை" என்று எழுதி ஜெராக்ஸ் எடுத்துப் பதினோரு வீட்டுக்குக் கொடுத்தேன். தனம் அதைப் படித்துவிட்டு, "இதப் படிச்சா விருந்துக்குக் கூப்புட்ட மாதிரியா இருக்கு? வாரண்ட்டு மாதிரி இருக்கு" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தீபாவளி வியாழக்கிழமை, நோன்பு வெள்ளிக்கிழமை, ஆகவே விருந்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்தேன்.

முதலில் வந்தது என் அக்கா செல்வாம்பாள். தூக்குச் சட்டி நிறைய அதிரசம். அடுத்து என்னோடு ஆபீசில் வேலை பார்த்த கோவிந்தராசு, அவன் கையிலும் அதிரசம். பின்னாலேயே வந்த எதிர்வீடு, பக்கத்து வீடு, மாடிவீடு எல்லாரும் அதிரசம், கூடவே சீப்புச் சீப்பாக வாழைப்பழம். அதிரசமும் பழமும் படைத்து நோன்பு முடிந்த மூன்றாம் நாள் இந்த ஊரில் எந்த வீட்டு டப்பாவில் எது மிஞ்சியிருக்கும் என்று யோசிக்க எனக்கும் புத்தியில்லை, உனக்கும் இல்லை. மேசையில் மலைபோல் அதிரசம் இருக்கிறது, ஒரு பருக்கை சோறு இல்லை. சரி, இருப்பதையாவது தின்பார்கள் என்று பார்த்தால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரன் வாயைத் திறந்து "சாப்பிடுங்க" என்று சொல்லாமல் எவன் கையை வைப்பான்? உபசரிக்கத் தேவையில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டதால் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் மடியில் காலித் தட்டை வைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம் ஹாயாக உட்கார்ந்திருந்தார்கள். கோவிந்தராசுக்கு மட்டும் கவலையில்லை. அவன் சஷ்டி விரதம், பாலும் பழமும்தான். உன் அக்கா நான்கு தடவை அடுப்படிக்கு எழுந்தாள், நான்கு தடவையும் நான் அதட்டி உட்கார வைத்தேன்.

பொறுக்க முடியாமல் என் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "ஏங்கா, ஒருத்தர்கூட சோறு கொண்டாரலியே?" என்று கேட்டேன். அவளுக்குத் தனியே பேசத் தெரியாது என்பதுதான் உனக்குத் தெரியுமே.

"ஏண்டா, அடுப்பெரியற வூட்டுக்கு எவளாச்சும் சோறாக்கித் தூக்கியாருவாளா? சாவு வூட்டுக்குத்தாண்டா அப்படிக் கொண்டுபோவாங்க. இவ ஆஸ்பத்திரியிலேர்ந்து பொழச்சி வந்து ஒக்காந்திருக்கா. இவ வூட்டுக்கு நான் சோத்துக் குண்டானத் தூக்கிட்டு வரணுமா?"

கூடத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பதினோரு வீட்டிலும் இதையே நினைத்திருக்கிறார்கள், ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. என்னைத் திட்டிக்கொண்டே அதிரசத்தைக் கட்டி எடுத்து வந்திருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் நாலு மணி நேரம் நின்றபோது எதை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ, அதைத்தான் ஜெராக்ஸ் போட்டுக் கேட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, நாகராஜு. அதிரசத்தைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளைச்சாவடி கலையரசி வந்தாள். இருபது வருஷமாக நம் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள், உன் அக்காவுக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி. கூடையில் ஆய்ந்து கழுவிய சங்கரா மீன். "ஆக்குனதத்தான் கொண்டாரக் கூடாது. பச்ச மீனுக்கு என்னாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குள் போனாள். குழம்பு அவள் பொறுப்பு, சோறும் ரசமும் என் பொறுப்பு. அரிசி எந்த டப்பாவில் என்று நான் கேட்க, தனம் நாற்காலியிலிருந்தே கத்திச் சொல்ல, தண்ணீர் எவ்வளவு என்று நான் கேட்க, "விரல வச்சிப் பாருங்க" என்று அவள் சொல்ல, எந்த விரல் என்று நான் கேட்க, கூடமே சிரித்தது. அதற்குப் பிறகுதான் வந்தவர்களுக்கு வாய் திறந்தது. கோவிந்தராசு மீன் வாசனை தாங்காமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

பாய் விரித்து, இலை போட்டு, குனியக்கூடாத உன் அக்காவுக்கு மட்டும் நாற்காலிக்கு முன்னால் ஸ்டூலில் இலை போட்டு, முதல் பந்தியிலேயே அவளை உட்கார வைத்தேன். எழுந்துவிடாமல் இருக்க என் அக்கா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் பரிமாறினேன். தனத்தின் கண் என் கரண்டி பின்னாலேயே வந்தது. "அந்தண்ட ரசம் கேக்கறாங்க பாருங்க." "கோவிந்தராசு அண்ணனுக்குப் பால் காச்சுனீங்களா?" நான் குனிந்து, "ஒன் எலையப் பாத்துச் சாப்டு தனம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் நிமிரவே இல்லை. நான் மூன்றாம் பந்திக்கும் போட்டு முடித்து அடுப்படியில் தனியே உட்கார்ந்தபோது, குண்டானின் அடியில் ஒட்டியிருந்தது எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே மச்சான், வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், ஆனால் இது நமக்குச் சரிப்பட்டு வராது. உன் அக்கா பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழக்கமில்லாத சௌகரியமும் ஒரு தண்டனைதான் போலிருக்கிறது. உடம்பு தேறியதும் பொங்கலிலிருந்து பழையபடி அவளே சமைப்பாள், அவளே பரிமாறுவாள். இது என் இறுதி முடிவு, இதன் மேல் அப்பீல் கிடையாது.

பிள்ளைகளுக்கு என் ஆசி. இங்கிருந்து யாராவது அங்கே புறப்பட்டால் அதிரசம் கொடுத்தனுப்புகிறேன், அடுத்த தீபாவளி வரை தாங்கும்.

இப்படிக்கு,
உன் மாமா காசிலிங்கம்

பி.கு: உறையில் போடும் முன் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் எழுதியிருக்கீங்க. சாப்பாடு எப்படி இருந்துச்சின்னு என்னை ஒரு வார்த்த கேக்கலியே" என்றாள். அப்போதுதான் கேட்டேன். "சோறு கொழஞ்சிபோச்சி. ரசத்துல உப்பு ஜாஸ்தி" என்றாள். உறையை எடுத்து என்னிடம் நீட்டிக்கொண்டே, "ஆனா சூடா இருந்துச்சிங்க" என்றாள். மேற்கண்ட இறுதி முடிவு ரத்து. பொங்கலுக்கும் நான்தான் பரிமாறுகிறேன்.