எபநேசர் சார்வாள் வீட்டு வில்லங்கம்

"அண்ணாச்சி, நீங்க வாங்கப்போறது வீடா, மாவு மில்லா?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர் கடை மாரிச்செல்வி.

நயினார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணினித் திரையருகே குனிந்தார். "வீடுதாம்மா. ஓட்டு வீடு. பின்னால ஒரு முருங்க நிக்கி."

"இதுல மில்லுன்னுல்லா போட்டிருக்கு. மிசினோட சேத்து ஏழு தடவ அடமானம் வச்சிருக்காவ. கடைசி அடமானத்த இன்னும் மீக்கல."

"எபநேசர் சார்வாள் வீட்டயா?"

"சார்வாள் பேரே இதுல இல்ல. சர்வே நம்பர சரியாத்தான் குடுத்தாவளா?"

நயினார் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து இன்னொருமுறை படித்தார். புல எண் 114, உட்பிரிவு 2. பள்ளியில் முப்பது வருடம் பூகோளம் நடத்திய எபநேசரின் கையெழுத்து, அச்சடித்த மாதிரி இருந்தது. தப்பு நேர்ந்திருக்கும் என்று நம்பவே முடியவில்லை.

"மில்லு வேண்டாம்மா" என்றார் பரிதாபமாக.

"நாந்தான் வாங்கச் சொன்னனா? போயி நம்பர கேட்டுட்டு வாங்க. துட்டு வேண்டாம், சரியான வில்லங்கச் சான்று வந்த பொறவு தாங்க."

நயினார் முப்பத்துநாலு வருடம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். ஊர் ஊராகக் குடியிருப்பு மாறியதில் சொந்த வீடு என்ற பேச்சு தள்ளிக்கொண்டே போயிற்று. ரிட்டையர் ஆனதும் முதல் காரியம் அதுதான் என்று மனைவி சண்முகத்தாயிடம் வருடம் தவறாமல் சொல்லிவந்தார். ரயில்வே குடியிருப்பின் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட அவள் விட்டதில்லை. "நம்ம வீட்டுல அடிச்சிக்கிடலாம்" என்பாள். அவர் ரிட்டையர் ஆக எட்டு மாதம் இருக்கும்போது போய்ச்சேர்ந்துவிட்டாள். இப்போது அவள் படம் அரிசி டின்னின்மேல் சாய்ந்து நின்றது. அரிசி எடுக்கும்போதெல்லாம் அதைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. குடியிருப்பைக் காலி செய்ய இன்னும் இரண்டு மாதம் தவணை இருந்தது.

அப்போதுதான் நொச்சிப்பேரி கீழத்தெருவில் அந்தப் பலகையைப் பார்த்தார். 'இவ்வீடு விற்பனைக்கு.' ஓசூரிலிருந்த மகள் கோமு போனில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "யப்பா, முப்பது வருசத்துக்கு வில்லங்கம் பாக்காம அவரு வீட்டுத் தண்ணி கூட குடிச்சிராதீய. நீங்க எல்லாரையும் நம்புவீய."

தண்ணீர் என்ன, முதல் நாளே எபநேசர் வீட்டில் இட்லியும் மீன்குழம்பும் சாப்பிட்டாகிவிட்டது. அதை அவர் மகளிடம் சொல்லவில்லை.

மில் கதையைக் கேட்டு எபநேசர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "வயசு எழுவத்தொம்பது ஆச்சு ஓய். நம்பரு முன்னபின்ன மாறுது. இரும், பாக்கேன்."

டிரங்குப் பெட்டியைத் திறந்தார். உள்ளே பத்திரத்தைத் தவிர எல்லாம் இருந்தது. மகன் ஜெபசிங் முதல் வகுப்பில் எடுத்த போட்டோ, ஜெபசிங் பட்டம் வாங்கிய போட்டோ, ஜெபசிங் ஆஸ்திரேலியாவில் பனிக்கோட்டோடு நிற்கும் போட்டோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கதை முடிவதற்குள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டது. சொதி வைத்திருந்தார். இஞ்சித் துவையலும் இருந்தது. சண்முகத்தாய் போனபிறகு ஹோட்டல் பொட்டலத்தையே பிரித்துக்கொண்டிருந்த நயினார் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"141-ன்னு நெனைக்கேன். 141-ல் 2" என்றார் எபநேசர், நயினார் கைகழுவும்போது.

மறுநாள் மாரிச்செல்வி மண்டலத்தைத் தேர்ந்தாள், மாவட்டத்தைத் தேர்ந்தாள், கிராமத்தைத் தேர்ந்தாள். கடைசியில் படத்தில் கோணலாகக் கிடந்த எழுத்துகளைப் பார்த்து அடித்தாள். திரையில் ஒரு வரி வந்தது. பதிவுகள் ஏதும் இல்லை.

"அப்பம் வில்லங்கம் ஒண்ணுமே இல்ல" என்றார் நயினார், முகம் மலர.

"ஒண்ணும் வரல அண்ணாச்சி."

"ஒண்ணும் வரலன்னா நல்லதுதான?"

"ஒண்ணும் வரலன்னா ஒண்ணும் வரல" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

நயினாருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை. கால்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு நேரே கீழத்தெருவுக்குப் போனார். எபநேசர் ஒரு நிமிடம் அல்வாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உம்ம வீட்டுக்காரி படத்த எங்க மாட்டப்போறீரு?" என்று கேட்டார்.

இதுவரை அதை யாரும் கேட்டதில்லை. நயினார் அறை அறையாகப் போய்ப் பார்த்தார். காலை வெயில் விழும் கிழக்குச் சுவரைக் காட்டினார். எபநேசரே சுத்தியலும் ஆணியும் எடுத்துவந்து கொடுத்தார். நயினார் ஆணியை அடித்து முடித்துவிட்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அன்று சாயங்காலமே, இந்த மாதக் கடைசியில் காலி செய்துகொள்கிறேன் என்று ரயில்வேக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து கோமு போனில் கேட்டாள். "ஒரு பதிவுமே வரலையா? அவரு அந்த வீட்ட வாங்கினதாவது அதுல வரணும்லா யப்பா?"

நயினார் போனை வைத்த கையோடு கிராம அலுவலகத்துக்கு ஓடினார். அங்கிருந்த உதவியாளர் ஊர் வரைபடத்தை விரித்து வைத்து விரலால் காட்டினார். "141 நம்ம ஊரு குளம்லா அண்ணாச்சி. நடுக்கொளத்துல வீடு வாங்கப் போறீயளோ? தண்ணிக் கஷ்டம் இருக்காது."

திரும்பவும் கீழத்தெரு. திரும்பவும் டிரங்குப் பெட்டி. அன்றைக்குக் கூட்டாஞ்சோறு. எபநேசர் இப்போது 411 என்றார். "நொச்சிப்பேரியில அந்த நம்பரே கெடையாது" என்றாள் மாரிச்செல்வி. "மூணு கிலோமீட்டர்ல இருக்க மேல நொச்சிப்பேரியில ஒண்ணு இருக்கு. பதினோரு பேரு சேந்து எழுதின பாகப்பிரிவினை. சார்வாளோட சொந்தக்காரங்களா இருந்தாலும் இருக்கும்."

நயினார் சைக்கிளை மிதித்துக்கொண்டு மேல நொச்சிப்பேரிக்குப் போனார். பதினோரு பேரில் மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு, பதினைந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அண்ணன் வீட்டு வாசலில் நின்று நயினார் "இந்த 411 சொத்து..." என்று ஆரம்பித்ததும் அண்ணனின் முகம் மாறிவிட்டது.

"தம்பிகாரன் உம்மட்ட விக்கப் பாக்கானோ?"

"இல்ல அண்ணாச்சி, நான் வந்தது..."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி எட்டிப் பார்த்தார். "ஓஹோ, எனக்குத் தெரியாம அட்வான்சு வாங்கற அளவுக்குப் போயாச்சா?"

பதினைந்து வருடப் பேச்சும் அரைமணி நேரத்தில் நடந்து முடிந்தது. நடுவில் நின்ற நயினார் எந்தக் கட்சி என்று இரண்டு பேருக்கும் சந்தேகம் தீரவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனும் தம்பியும் ஒற்றுமையாக இருந்தார்கள், அவர் சைக்கிளைப் பூட்டி வைத்துக்கொள்வதில். யார் அனுப்பினார்கள் என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். சார்வாளை இந்தச் சண்டையில் இழுக்க நயினாருக்கு மனம் வரவில்லை.

மத்தியான வெயிலில் நடந்து வந்து சேர்ந்தவரைப் பார்த்து எபநேசர் பதறிப்போனார். மோர் கொடுத்தார். மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்தார். "அந்த மூத்தவன் எங்கிட்டதான் படிச்சான். ஆறாப்புல ரெண்டு தடவ ஃபெயிலு" என்று சொல்லி, போனை எடுத்து ஒரு அதட்டல் போட்டார். சாயங்காலம் சைக்கிள் தானாக வந்து சேர்ந்தது. காற்றும் அடித்திருந்தது.

"நயினாரே, எம்மேல வருத்தமா?" என்றார் எபநேசர்.

"வருத்தம் என்ன சார்வாள். மாசக் கடைசிதான் நெருங்கிட்டு."

எபநேசர் காலி மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அன்று டிரங்குப் பெட்டியைத் திறக்கவில்லை.

வெளியே வந்தபோது நயினாருக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்து வீட்டில் தையல்காரர் குடியிருந்தார். அவர் பத்திரத்தில் நாலு எல்லையும் எழுதியிருக்குமே. தையல்காரர் தயங்கித் தயங்கித்தான் பத்திர நகலை எடுத்துவந்தார். கிழக்கே எபநேசருக்குப் பாத்தியப்பட்ட புல எண் 118, உட்பிரிவு 3B, என்று தெளிவாக இருந்தது. மில்லுமில்லை, குளமுமில்லை.

தெருவில் நின்றபடியே மகளிடம் சொன்னார். கோமு தன் கைபேசியிலேயே பார்த்துவிடுவதாகச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"யப்பா, ரெண்டே பதிவுதான். தொண்ணூத்தெட்டுல எபநேசர் வாங்கியிருக்காரு."

"அதான் நானும் சொன்னேன்."

"ரெண்டாவதக் கேளுங்க. எழுதிக் கொடுத்தவர் எபநேசர், எழுதி வாங்கியவர் ஜெபசிங். மகனுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்து ஒம்பது வருசம் ஆச்சு. அது அவரு வீடே இல்ல. இல்லாத வீட்ட உங்களுக்கு விக்கப் பாத்திருக்காரு. அட்வான்சு குடுத்தீயளா?"

"அவரு கேக்கவே இல்லையே."

"கேக்காம இருக்கதுதான் பெரிய தந்திரம். போலீசுல எழுதிக் குடுங்க."

நயினார் திரும்பி உள்ளே போனார். எபநேசர் இரண்டு தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நயினாரின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நம்பரு கெடச்சிட்டு, என்ன?" என்றார்.

"மகன் பேருல இருக்க வீட்ட எப்படி சார்வாள் விப்பீய?"

"விக்க முடியாது."

"அப்பம் போர்டு எதுக்கு?"

எபநேசர் தட்டைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த தட்டுதான். "போர்டு இருந்தா யாராச்சும் கதவத் தட்டுவாங்க. சும்மா எவன் வாரான்? அவன் எழுதி வாங்கிட்டுப் போனவன், பொறவு வரல. போன் பேசுவான். நல்ல பையன்தான். லீவு கெடைக்கலங்கான்."

"நான் குவார்ட்டர்ஸ காலி பண்ண எழுதிக் குடுத்துட்டேன். சாமானெல்லாம் கட்டிப் போட்டாச்சு."

"அது எனக்குத் தெரியாது ஓய். எங்கிட்டச் சொல்லலையே."

"செவுத்துல ஆணி அடிக்கச் சொன்னீரே."

எபநேசர் கிழக்குச் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தார். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுத் திட்டும். அயிரமீனு" என்றார், மெதுவாக.

நயினார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. அறுபது வயதில், வெந்த மீனுக்கும் இரண்டு நல்ல வார்த்தைக்கும் ஏமாந்திருக்கிறோம். சண்முகத்தாய் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள் என்று நினைத்தார். அவள் இருந்திருந்தால் அந்த வீட்டில் அத்தனை தடவை சாப்பிட்டிருக்கவே மாட்டோம் என்றும் தோன்றியது.

மாரிச்செல்வி கடையில் யாரும் இல்லை.

"வில்லங்கமா அண்ணாச்சி?"

"இல்ல. ஒரு மனு அடிக்கணும். போலீஸ் ஸ்டேசனுக்கு."

அவள் ஒன்றும் கேட்காமல் வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். நயினார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ரயில்வேக்கு எழுதிப் பழகிய நடையில் சொல்லத் தொடங்கினார். "பெறுநர், உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள். ஐயா, மேற்படி எபநேசர் என்பவர், தனக்குப் பாத்தியமில்லாத வீட்டை விற்பதாகப் பலகை மாட்டி, மூன்று முறை தவறான புல எண் கொடுத்து, என்னை நம்பவைத்து..." அங்கே நின்றார். "அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன். நம்பவைத்து?"

"நம்பவைத்து, சாப்பாடு போட்டு..." அது குற்றமாக ஒலிக்கவில்லை. "சாப்பாட்ட எடுத்துரு. நம்பவைத்து மோசம் செய்துள்ளார். எனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேரை இவர் இவ்விதம் ஏமாற்றினாரோ தெரியவில்லை."

விசைப்பலகையின் சத்தம் நின்றது. மாரிச்செல்வி நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"ஆறு பேருன்னு போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. மொத ஆளு நான்தான். இப்பம் நாங்க ஆறு பேரும் ஆளுக்கொரு ராத்திரி அங்கன போயித்தான் சாப்பிடுதோம், ஞாயித்துக்கெழமைக்கு மட்டும்தான் இன்னும் ஆளு அமையல."