மாமரத்துக்கு ஒட்டிய நோட்டீஸ்

நெருப்புக்கு அடுத்தபடியாக மனித குலத்துக்குக் கிடைத்த பெரும் பேறு, சித்தூரில் இயங்கும் எங்கள் ‘சட்டச்சொல் விளக்கக் குழு’தான். அதன் செயலாளராகிய நானே இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? பசலி, ஜமாபந்தி, ஜப்தி என்று அந்தக் காலத்துச் சொற்களையெல்லாம் விளக்கித் தள்ளியிருக்கிறோம். எங்கள் விளக்கத்தைக் கேட்டவர் யாரும் மறுபடி சந்தேகம் கேட்க வந்ததே இல்லை.

பங்காருபாளையத்திலிருந்து கோவிந்தம்மாள் வந்தார். மாந்தோப்புக்காகக் கொழுந்தனோடு வழக்கு. கோர்ட் உத்தரவை நீட்டினார்.

“தெலுங்கு பேசுவேன் சார், படிக்கத் தெரியாது. இன்னாவோ ‘ஸ்டேட்டஸ் கோ’வாம். காய் முத்திக்கினு நிக்குது. பறிக்கலாமா, கூடாதா? இத்த வித்துதான் வருசம் பூரா துன்றோம்.”

முதல் வரியிலேயே லத்தீன்! எங்களுக்குப் புல்லரித்தது. அவசரக் கூட்டம் கூடியது.

“இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்று பொருள்,” என்றார் தலைவர் விஜயராகவன்.

“அப்படியானால் காய் பழுக்கவே கூடாதே!” என்றார் உறுப்பினர் தாமோதரன்.

“பழுத்தால்?”

“கோர்ட் அவமதிப்பு!”

காயில் கை வைக்கக் கூடாது என்று கோவிந்தம்மாளிடம் சொல்லிவிட்டு, உடனே மரங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினோம். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டன. எனவே முறைப்படி அடிமரத்தில் ஒட்டிவிட்டு வந்தோம். அப்படியும் அந்த மரங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லை. அவை பாட்டுக்குப் பழுத்துக்கொண்டிருந்தன.

“தேவுடா, எல்லாம் கொட்டுது சார்! ஜூஸ் ஃபேக்டரி லாரி சும்மா வந்துட்டுப் போய்ட்ச்சி!” என்று போனில் அழுதார் கோவிந்தம்மாள்.

“அழாதீர்கள் அம்மா. உதிர்ந்த பழத்தை மறுபடி காம்பில் பொருத்தினால் நிலை மாறியதாகுமா என்று ஆராயத் துணைக்குழு போட்டிருக்கிறோம்,” என்று தேற்றினேன்.

தோப்பில் ஒரு காய்கூட மிஞ்சாமல் அழுகிய பிறகு அவர் நேரில் வந்தார். உத்தரவை மேஜைமேல் ஓங்கி அடித்தார்.

“பஸ்ல பக்கத்துல உக்காந்த பொண்ணு படிச்சி சொல்லிச்சி. ரெண்டாவது வரி இன்னா தெரிமா? ‘கோவிந்தம்மாள் எப்பவும் போல காய் பறிச்சிக்கலாம்’னு நல்ல தெலுங்குல எழுதிகீது! இத்தினி பேர் உக்காந்துகினு இருந்தீங்களே, ஒருத்தருமா அத்தப் படிக்கல? என் வயித்துல அடிச்சிட்டீங்களேய்யா!”

பாவம், நிர்வாகம் தெரியாதவர். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்:

“அம்மா, யாருக்கும் புரியாத வரிகளுக்காக அமைக்கப்பட்ட குழு இது. எல்லோருக்கும் புரிகிற வரியைப் படிக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது.”