சைலென்சருக்குள் ஒரு சாட்சி

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எத்தனை கம்பெனி இருக்கிறதோ, அத்தனை கம்பெனிக் கரப்பான்பூச்சிக்கும் ஜாதகம் சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். பூச்சி சார். கேன்டீன்களுக்கு மருந்தடிக்கிற வேலை. பெற்றவர்கள் வைத்த பெயரை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வல்லம் வடகாலில் என் இட்லிக் கடைக்குக் காலையில் வந்துவிடுவார். இட்லியைப் பார்க்க மாட்டார். அதன் மேல் உட்கார்ந்த ஈயைப் பார்ப்பார்.

"ஆயா, இது உன் கடை ஈ இல்ல. மீன் கடையிலருந்து வந்துகீது."

"விருந்தாளியாச்சே! நீ கொஞ்சம் நவுந்து குந்து, அதுக்கும் எடம் வுடு."

ஒரு கேன்டீனில் சாம்பாரில் கரப்பான் கிடந்தது. சமையல்காரரை வேலையை விட்டுத் துரத்தப் பார்த்தார்கள். பூச்சி சார் அதைக் கையில் எடுத்து, நக்கிப் பார்க்காத குறையாக ஆராய்ந்தார். "இது வேகவே இல்ல சார். அண்டாவுல வுழல, தட்டுலதான் வுழுந்துகீது." சமையல்காரர் பிழைத்தார். சாம்பார்தான் பிழைக்கவில்லை.

ஆனால் அவர் பெரிய ஆள் என்று தெருவே ஒப்புக்கொண்டது சேகர் விஷயத்தில்தான்.

சேகர் என் பக்கத்து வீடு. ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வெள்ளை வேன் வைத்திருந்தான். பெண்டாட்டி கலா. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. குளவி மண் கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்பார்கள் எங்கள் பக்கம். கலா வீட்டுக்கும் ஒரு குளவி வந்தது. கட்ட அதற்கு வேறு இடமா இல்லை? போயும் போயும் வேனின் சைலென்சர் வாயில் மூன்று அறை வைத்துக் கட்டிவிட்டது!

"வண்டிய ஸ்டார்ட் பண்ணே, மணிமங்கலத்துக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் கலா. சேகர் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டு, யார் யார் வேனுக்கோ ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தான். இப்படியே மூன்று வாரம்.

அந்த நேரம் பார்த்து ஒரு கம்பெனியில் செம்புக் கம்பி திருடு போனது. கேமராவில் தெரிந்தது ஒரு வெள்ளை வேன். நம்பர் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் எஸ்.ஐ. எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார்.

"வண்டி மூணு வாரமா நவுரல சார், குளவி கூடு கட்டிகீது" என்றான் சேகர்.

"குளவிக்கு வாடகைக்கு வுட்டிருக்கியா? ஏறுடா ஜீப்ல!"

ஒரு தடவை திருட்டு கேஸில் போய்விட்டால் அப்புறம் எந்த கம்பெனியும் கேட்டைத் திறக்காது. பிழைப்பே போச்சு. நான் கரண்டியோடு கத்தினேன். கடையிலிருந்த பூச்சி சார் பாதி இட்லியோடு ஓடிவந்தார். வந்தவர் தரையில் குப்புறப் படுத்து சைலென்சருக்குள் கண்ணை வைத்தார்.

"அடைச்சிகினு கீது சார்! ஸ்டார்ட் பண்ணியிருந்தா தூள் தூளா பறந்திருக்கும்!"

"யோவ், திருட்டு நடந்து மூணு நாளாச்சு. அதுக்கப்புறம் கட்டியிருக்கும்."

பூச்சி சாருக்கு முகமெல்லாம் பல். "அத உள்ள கீறவன்கிட்டயே கேட்டுடலாம் சார்! குளவி சிலந்திய புடிச்சாந்து அடைச்சி, முட்டை வெச்சி மூடிடும். சிலந்தி முழுசா இருந்தா கூடு புதுசு. எல்லாத்தயும் தின்னுட்டு கூட்டுப்புழுவா தூங்கினா, கூடு பழசு. ஒரு ரூம்ப மட்டும் ஒடைக்கணும்."

கலா சைலென்சரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். ஆயிரம் பூச்சியைக் கொன்ற மனிதர் கைகட்டி நின்றார். "நான் தொட மாட்டேம்மா. நீ சொன்னாத்தான்."

கலா ஜீப்பைப் பார்த்தாள். சேகரின் ஒரு கால் அதற்குள் ஏறியிருந்தது.

"அந்தாளு இல்லாம கூடு இருந்து இன்னாத்துக்கு?" என்று தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, ஓர் அறையை அவளே பெயர்த்தாள்.

உள்ளே பழுப்பாக, வெங்காயத் தோல் போர்த்திய மாதிரி ஒன்று படுத்திருந்தது.

"கூட்டுப்புழு!" பூச்சி சார் குதித்த குதியில் இட்லி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். "தின்னு முடிச்சி போத்திகினு தூங்குது சார்! மூணு நாள்ல ஆவற வேலையா இது? பத்து நாளுக்கு மேல!"

எஸ்.ஐ. கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். "எறங்குடா" என்றார் சேகரிடம்.

"சாட்சி எழுந்ததும் கையெழுத்து வாங்கிக்கினு வரட்டா சார்?" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். கம்பி திருடிய வேன் பிற்பாடு பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் அகப்பட்டது.

கூட்டுப்புழுவை எல்லோரும் மறந்துவிட்டோம். பூச்சி சார் மறக்கவில்லை. என் ஏலக்காய் டப்பாவில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டார். மருந்து வாடை பட்டால் செத்துவிடுமாம். அதற்காக வேலைக்கே லீவு போட்டுவிட்டு, டப்பாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்து ஒரு நாள் கலா வீட்டு வாசலில் ஒரே கூச்சல்.

"பறந்துடுச்சும்மா! உன் குளவி நல்லா பறந்துடுச்சு!"

"ஆணா பொண்ணா, பூச்சி சார்?" என்றேன்.

பூச்சி சார் காலி டப்பாவைப் பிள்ளையை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்திக் கலாவிடம் கொடுத்தார். அன்றைக்கு அதற்கு மேல் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரவில்லை.